ஜூன் 30-ல் பிறந்தால் இந்தியர்; ஜூலை 1-ல் பிறந்தால் அகதி!

உச்சிப்புளி:

1987-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி ராத்திரி, மண்டபம் முகாமில் இருந்த ஒரு இலங்கை அகதிப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தால் அது இந்தியக் குடிமகன்.

விடிந்து ஜூலை 1-ந் தேதி பிறந்திருந்தால் அது அகதி.

அதே ஆஸ்பத்திரி. அதே தாய். அதே மண். தேதி மட்டும்தான் வேறு!

இது கதை அல்ல. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. 1950-ம் ஆண்டு ஜனவரி 26 முதல் 1987-ம் ஆண்டு ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் யார் பிறந்தாலும் அவர் இந்தியர். அப்பா யார், அம்மா எந்த நாடு என்று கேட்பதில்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் இது பொருந்தாது.

அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 3-க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. இருவருமே இந்தியராக இருக்கவேண்டும்; ஒருவர்தான் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக்கூடாது.

சரி, ஜூன் 30-ல் பிறந்ததை எப்படி நிரூபிப்பது? அம்மா சொன்னால் போதாது. பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தியம் செய்தாலும் போதாது. சீட்டு வேண்டும்!

ஐகோர்ட்டு வரை போன சீட்டு

அந்தச் சீட்டை வைத்து ஜெயித்தார் ஒரு பெண்.

1986-ல் மண்டபத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் இலங்கையில் இருந்து வந்த அகதிகள். முகாமிலேயே வளர்ந்தார். முகாமிலேயே கல்யாணம், குழந்தைகள். எல்லா ரிக்கார்டிலும் அவர் "இலங்கை அகதி"தான்.

இந்திய பாஸ்போர்ட்டு கேட்டு மனு போட்டார். கிடைக்கவில்லை. "நீ இந்தியர் இல்லை" என்பதுதான் காரணம்.

அவர் விடவில்லை. மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போனார். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம், மண்டபத்தில் பிறந்ததைச் சொல்லும் பிறப்புச் சான்றிதழ். 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவு போட்டார். மனுதாரர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட்டு கொடுங்கள் என்றது தீர்ப்பு.

2024-ம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

இந்தக் கடற்கரையில் எத்தனையோ குழந்தைகள் அந்தக் காலத்தில் பிறந்தன. சீட்டை வாங்கி வைத்த வீடுகள் சில. "அது எதுக்கு? நாளைக்கு ஊருக்குத் திரும்பிப் போயிடப் போறோம்" என்று விட்ட வீடுகள் பல.

கழுத்தில் தொங்கிய தகரம்

காகிதம் ஆளை ஆட்டி வைப்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல.

உச்சிப்புளியைத் தாண்டி ரெயிலில் போனால் மண்டபம் வரும். அதற்கு முன்பு "மண்டபம் கேம்ப்" என்றே ஒரு ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில், சிலோன் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நிறுத்தி வைத்த இடம் அது. காலராவும் அம்மையும் கடல் தாண்டக்கூடாது என்று ஆட்களை நாள்கணக்கில் தங்க வைத்து, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள்.

அந்தக் காலத்துக் கூலியிடம் பாஸ்போர்ட்டு கிடையாது. விசா கிடையாது. 1900-களின் தொடக்கத்தில் வந்த முறைப்படி அவரிடம் இருந்தது ஒரு தகர வில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதை அதில் இருந்த நம்பர் சொல்லும். "டின் டிக்கெட்டு" என்று பெயர். கழுத்தில் தொங்கவிட்டால் போதும், ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

போகும்போது பேரைக்கூடக் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளிடம் கேட்டார்கள், கட்டுக்கட்டாக!

8 லட்சம் பேர் மனு; கிடைத்தது யாருக்கு?

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்கள் நாடு இல்லாதவர்கள் ஆனார்கள்.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் மனு போடலாம் என்றது. கெடு இரண்டே வருடம். 1951-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதியோடு கதவு சாத்தப்பட்டது.

நிபந்தனை என்ன தெரியுமா? 1946-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பு, கல்யாணம் ஆனவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததாகக் காட்டவேண்டும்.

விடிந்தால் மலையில் கொழுந்து கிள்ளப் போனவர், பொழுது சாய்ந்தால் லயத்தில் படுத்தவர், எதைக் காட்டுவார்? தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருக்கும். அதுவும் துரை ஆபீசில் இருக்கும். ஒரு ஆளுக்கு அங்கே கருப்பன் என்று ஒரு பேர், இங்கே கருப்பையா என்று ஒரு பேர். சாமி கும்பிட ஊருக்கு வந்து தங்கியிருந்தால், "தொடர்ந்து வசிக்கவில்லையே" என்று அதுவும் கேள்வியாகிவிடும்!

சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

சாஸ்திரி – சிறிமாவோ கையெழுத்து

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் "பிறகு பார்க்கலாம்" என்று வைத்தார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிப் பாதி பங்கு போட்டார்கள்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு தலைமன்னார் கப்பல் ராமேசுவரத்துக்குத்தான் வந்தது.

மறுபடியும் பாரம். மறுபடியும் மனு. இந்தியா வர விரும்பியவர்கள் இந்தியத் தூதரகத்துக்கு எழுதிப் போட்டார்கள். குடியுரிமை கிடைத்து, பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கையில் வந்த பிறகுதான் கப்பல். இறங்கியதும் மண்டபம் கேம்ப். நீலகிரித் தேயிலைத் தோட்டமா, நூற்பு ஆலையா, சிறுதொழில் கடனா என்பது அந்த அட்டையைப் பார்த்துத்தான். அட்டையில் பேர் விட்டுப்போன பிள்ளைக்கு என்ன கதி என்று சொல்லவேண்டியது இல்லை.

1983 ஜூலைக் கலவரம் வந்தது. 1984-ல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்த மலையகத்துக் குடும்பங்கள் பல, உயிர் பிழைத்தால் போதும் என்று படகு ஏறின. வந்து இறங்கியபோது அவர்கள் பேர் "தாயகம் திரும்பியோர்" அல்ல, "அகதி"!

அப்படி வந்து 30 வருடத்துக்கு மேல் முகாமிலேயே கிடந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். புதிதாகக் குடியுரிமை மனு போடலாம், அதைச் சர்க்கார் பரிசீலிக்கவேண்டும் என்று 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் மதுரை ஐகோர்ட்டு கிளை சொன்னது.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. 2015-ம் ஆண்டு ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட்டு, விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை. தலைக்கு மேல் தொங்கிய கத்தி இறங்கியது. ஆனால் அது குடியுரிமை ஆகாது. 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடிக்குப் பயந்து தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கியவர்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

அமெரிக்கா போனாலும் இதே கேள்வி

"இதெல்லாம் முகாம்காரங்க விவகாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கிற அண்ணன் தம்பிக்கு மனு போடுகிறார். வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் அழைப்பு வருகிறது. டி.எஸ்.-260 என்ற குடியேற்ற விசா பாரத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பவேண்டும். 16 வயதில் இருந்து எந்தெந்த விலாசத்தில் இருந்தீர்கள் என்றுகூட அதில் கேட்பார்கள். கூப்பிடுகிறவர் ஐ-864 பாரத்தில் வருமானம் காட்டிப் பொறுப்பு ஏற்கவேண்டும். போலீஸ் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு.

முதலில் கேட்பது என்ன? பிறப்புச் சான்றிதழ்! அப்பா, அம்மா இருவர் பேரும் அதில் இருக்கவேண்டும்.

இங்கேதான் பலருக்கு மண்டை காயும். கவுண்டர்களில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு இது:

"சர்ட்டிபிகேட்டுல பேரே இல்லையேம்மா, 'பெண் குழந்தை'ன்னுதானே இருக்கு?"

"அப்ப பேர் வைக்கலைங்க சார்..."

பேர் வைக்காத குழந்தைக்குப் பிறகு பேர் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. ஒரு வருடத்துக்குள் இலவசம். பிறகு தாமதக் கட்டணம். காலம் போகப்போக அலைச்சல் கூடும். பிறப்பையே பதியவில்லை, ஒரு வருடமும் தாண்டிவிட்டது என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகவேண்டும்.

பழைய பதிவேட்டில் பதிவே இல்லை என்றால், "பதிவு இல்லை" என்று ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும். அதோடு, பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரத்தையும் அமெரிக்கத் தூதரகத்தில் கொடுக்கலாம்.

இனிஷியலும் ஒரு வம்பு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரே பேராகப் போட்டுவிட்டால், அமெரிக்க விசாவில் அந்தப் பேர் குடும்பப் பேர் ஆகிவிடும். முதல் பேர் இடத்தில் "எப்.என்.யு." என்று அச்சாகும். "முதல் பேர் தெரியவில்லை" என்று அர்த்தம். தாத்தா பேரை ஆசையாக வைத்தால், அது தெரியாத பேராகிவிடுகிறது!

புரோக்கரை நம்பி மோசம் போகாதீர்கள்

"காசைக் குடுங்க, நாளைக்கே சர்ட்டிபிகேட்டு ரெடி" என்று சொல்கிறவர்களும் உண்டு. அங்கேதான் வருகிறது ஆபத்து.

பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட்டு வாங்கினால் 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட்டு சட்டப்படி 2 வருடம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் நாட்டுக் குடியுரிமையை மறைத்து வாங்கிய வெளிநாட்டவர் என்றால் ஒரு வருடம் முதல் 5 வருடம் வரை. போலி பாஸ்போர்ட்டு, போலி விசாவுக்கு 2025-ம் ஆண்டு வந்த குடியேற்றச் சட்டத்தில் 2 முதல் 7 வருடம் வரை ஜெயிலும், ஒரு லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 1987-க்கு முன்பு மண்டபத்தில் பிறந்த ஒருவர், அவசரப்பட்டு வேறு ஊர், வேறு தேதி போட்ட போலிச் சீட்டை வாங்கினால் என்ன ஆகும்? சட்டம் தனக்குச் சும்மா கொடுத்த உரிமையை, காசு கொடுத்துத் தானே கெடுத்துக்கொள்கிறார். நிஜச் சீட்டைப் பிறகு கொண்டுவந்தாலும், "எது நிஜம்?" என்ற கேள்வி வரும்.

செய்யவேண்டியது என்ன?

எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில் இருந்துதான் சான்றிதழ் வாங்கவேண்டும். சொந்த ஊர், குடியிருக்கும் ஊர் எல்லாம் கணக்கில் வராது.

2023-ம் ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். அதற்கு முன்பு பிறந்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற வேறு சில வழிகளும் உண்டு.

பள்ளிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் நாலிலும் பேரும் அப்பா பேரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விசா வரும்வரை காத்திருக்காமல் இப்போதே திருத்துங்கள்.

முகாமில் பிறந்த பிள்ளைகளை இலங்கைப் பிரஜையாகப் பதிய சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போனாலும், இங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். இந்தியாவில் இருந்தாலும், இலங்கைக்குத் திரும்பினாலும் அந்தச் சீட்டு இல்லாமல் நகர முடியாது.

ஒரிஜினலை ஏஜெண்டு கையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதுதான்.