ஆன்டிபயாட்டிக் ரத்தம் உறைவதைத் தடுப்பது எப்படி?

ரத்தம் உறைய உதவும் 2, 7, 9, 10ஆம் காரணிகளைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவை வேலை செய்யும் நிலைக்கு வர வைட்டமின் கே வேண்டும். அது பெரும்பாலும் கீரைகளிலிருந்து வருகிறது. குடல் பாக்டீரியாக்களும் கொஞ்சம் தருகின்றன. ஆன்டிபயாட்டிக் அந்த பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. ஆனாலும் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு உணவே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

செஃபோபெரசோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியின் விஷயம் வேறு. அதன் மூலக்கூறில் உள்ள ஒரு பக்கச் சங்கிலி, பயன்பட்டுத் தீர்ந்த வைட்டமின் கே-யைப் புதுப்பிக்கும் நொதியையே முடக்குகிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் தாக்குவதும் அதே நொதியைத்தான்! மருந்தின் பெரும்பகுதி பித்தநீரோடு குடலுக்குள் இறங்குவதால் பாக்டீரியாக்களுக்கும் பலத்த அடி.

இந்தப் பாதிப்பு அரிதாகவே ரத்தக்கசிவு வரை போகும். எனக்குக் கவலை தருவது, பல நாள் வாய்வழி உணவில்லாமல் சலைனில் கிடக்கும் முதியவர்கள்தான். அவர்களிடம் வைட்டமின் கே கையிருப்பு ஏற்கெனவே குறைவு. ஈறில் ரத்தம், காரணமில்லாத கருநீலத் திட்டு, கறுத்த மலம் தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். புரோத்ராம்பின் நேரப் பரிசோதனை குறையைக் காட்டிவிடும். வைட்டமின் கே கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.