அலுவலகம் திரும்பியவரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும்

2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவர் தம்பதியர் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடையளித்தது தமிழகத்தில் உறுப்புக் கொடைக்கு உந்துதல் தந்தது. திருக்கழுக்குன்றம் அமைந்துள்ள அதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியிலும் மஹிந்திரா சிட்டியிலும், கொரோனாவுக்குப் பின் அலுவலகங்கள் ஊழியர்களைத் திரும்ப அழைத்தபோது, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற துணையுள்ள வீடுகளின் கவலை போதிய அளவு பேசப்படாதது வருத்தத்துக்குரியது. புதிய உறுப்பை உடல் அந்நியமெனக் கருதித் தாக்காதிருக்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்பவருக்குத் தடுப்பூசியும் முழுப் பயன் தருவதில்லை என்பதால், பிறருக்கு இரண்டு நாள் சளியாகக் கழிவது அவருக்கு நிமோனியாவாக, அதாவது நுரையீரல் அழற்சியாக, முற்றக்கூடும். ஆகவே வேலைக்குச் செல்பவர், பழைய மாமல்லபுரம் சாலையில் ஏசி பேருந்தின் மூடிய சன்னல்களுக்குள் என்95 முகக்கவசத்தைக் கழற்றாதிருப்பதும், ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்டால் தனியறையில் சன்னலைத் திறந்துவைத்துப் படுப்பதும் இன்றியமையாதவை. பருவமழை மாதங்களிலேனும் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனங்கள் இசைவு தரவேண்டும்.