இலத்திரனியற் பயிற்சிப்பெட்டியைத் தெரிதல்

பிள்ளைக்குப் பரிசாக இலத்திரனியற் பயிற்சிப்பெட்டி ஒன்றை வாங்க விழையும் பெற்றோர், எது நன்று என எம்மை வினவுவதுண்டு. ஓய்வுபெற்றபின் இத்துறையிற் பொழுதுபோக்காகப் புக விரும்பும் பழைய மாணவரும் இதனையே வினவுவர். பெட்டியின் மேலட்டையிற் பொறித்த எண்ணை நோக்கித் தெரிவு செய்தலே பெருவழக்கு. முந்நூறு பரிசோதனைகள் என்றிருப்பின், நூறு பரிசோதனைகள் கொண்டதினும் அது மும்மடங்கு சிறந்ததெனக் கொள்வர். அஃது அவ்வாறன்று. மின்குமிழை எரியச்செய்தல் ஒரு பரிசோதனை. அதே சுற்றில் ஆளியை மாற்றி வைத்தல் மற்றொன்று. குமிழுக்குப் பதிலாக மோட்டரை வைத்தல் இன்னொன்று. இவ்வாறு எண்ணிக்கை பெருகுமேயன்றி அறிவு பெருகாது.

ஆதலின் முதற்கண் நோக்கவேண்டியது, உறுப்புக்கள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்பதே. பிளாத்திக்குத் துண்டுகளிற் பதித்த உறுப்புக்களைச் சட்டையின் அழுத்துபொத்தான்போல ஒன்றோடொன்று பொருத்துவது ஒருமுறை. அமெரிக்காவின் எலென்கோ நிறுவனத்தாரது ‘சினாப் சேர்க்கிற்ஸ்’ இவ்வகையினது. இதிற் கம்பியை உரிக்கவேண்டுவதில்லை. சுற்றுப்படத்தில் வரும் குறியீடே உறுப்பின்மீதும் பொறிக்கப்பட்டிருத்தலின், படத்தையும் பொருளையும் ஒருங்கு காணும் பழக்கம் சிறார்க்கு எளிதில் உண்டாகும். எட்டு, ஒன்பது வயதினர்க்கு இதுவே தக்கது. ஆயினும் உறுப்பொன்று கெட்டுவிடின் அதே வகைத் துண்டையே தேடவேண்டும் என்னும் குறையுண்டு.

மற்றையது பிறெட்போட் எனப்படும் துளைப்பலகை. பண்டு வானொலி ஆர்வலர் பாண் வெட்டும் பலகையில் ஆணியறைந்து சுற்றுக்களை அமைத்தமையால் வந்த பெயர் இது. 1970களில் வழக்கிற்கு வந்த இன்றைய பலகையில் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகள் உள; நடுப்பள்ளத்தின் இருமருங்கிலும் ஐந்தைந்து துளைகள் உள்ளே உலோகக் கவ்வியால் இணைக்கப்பட்டுள. இதனை அறியாத மாணவர், உறுப்பொன்றின் இரு கால்களையும் அவ்வைந்தினுள்ளேயே செருகிவிட்டு, சுற்று இயங்கவில்லையெனத் திகைப்பர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கும் வளர்ந்தோர்க்கும் யாம் பரிந்துரைப்பது இவ்வகைப் பெட்டியையே. இதிலுள்ள தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் யாவும் தனித்தனியே சில்லறையாகவும் கிடைப்பன. ஒன்று எரிந்தாற் பயிற்சி நின்றுவிடாது.

எரிதலும் பாடமே. மாணவனொருவன் ஒளிகாலும் இருவாயியை 9 உவோற்று மின்கலவடுக்குடன் நேரே தொடுத்தான். அது கணப்பொழுது மின்னி அணைந்தது. பெட்டி பழுதென்று எம்மிடம் கொணர்ந்தான். தந்தையார் பெரும்பணம் கொடுத்து வாங்கியதைக் கெடுத்துவிட்டோமே என்ற அச்சம் அவன் முகத்திலே தெரிந்தது. கையேட்டைப் புரட்டினோம். படத்திலே தடையி வரையப்பட்டிருந்தது. அஃது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு வரியேனும் இல்லை. சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2 உவோற்றுப் போதும். எஞ்சிய 7 உவோற்றையும் தடையி ஏற்கவேண்டும். 15 மில்லியம்பியர் மின்னோட்டம் பாயவேண்டுமெனின், 7ஐ 0.015ஆல் வகுக்க ஏறத்தாழ 467 ஓம் வரும். கடையிற் கிடைக்கும் 470 ஓம் தடையி அதற்கமையும்: மஞ்சள், ஊதா, கபிலம் என அதன் நிறவளையங்கள். 1827இல் ஓம் என்பார் வெளியிட்ட விதியை அம்மாணவன் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்தான். அது தன் கையிலிருந்த பொருளைப்பற்றியது என்பதை அன்றே கண்டான்.

எனவே வாங்குமுன் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். நிறுவனத்தார் பலர் அதனை இணையத்திலும் இட்டுள்ளனர். “இங்கே செருகுக, அங்கே செருகுக” என்பதோடு அமையும் கையேடாயின் அப்பெட்டியை விடுதல் நன்று.

2005இல் இத்தாலியில் தோன்றிய ஆடுயினோ, 2016இல் பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகட்கு வழங்கப்பட்ட மைக்குரோபிற் முதலிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகளை இன்று பலரும் நாடுகின்றனர். கணினி நிரலாக்கம் பயில்வோர்க்கு அவை மிக ஏற்றன. ஆயின் சுற்றை அறிய விரும்புவோர்க்கு அவை இரண்டாம்படியாதலே நன்று. பிறர் எழுதிய நிரலைப் படியெடுத்து விளக்கொன்றை விட்டுவிட்டு ஒளிரச்செய்யும் பிள்ளை, அஃது ஏன் ஒளிர்ந்தது என்பதை அறியாமலே அடுத்ததற்குச் சென்றுவிடும். கமன்சிண்டு என்பார் 1971இல் வகுத்து, மறுவருடம் விற்பனைக்கு வந்த 555 என்னும் ஒருங்கிணைந்த சுற்று இன்றும் மலிவாகக் கிடைக்கின்றது. இரு தடையிகளும் ஒரு கொள்ளளவியும் சேர்த்து அதே விளக்கை மின்னச் செய்யலாம். கொள்ளளவியைப் பெரிதாக மாற்றின் மின்னுதல் மெதுவாகும். காலம் எங்கே தேங்குகின்றது என்பதைப் பிள்ளை கையாலே அறியும்.

பற்றாசு வைக்கும் பெட்டிகள் வளர்ந்தோர்க்கே உரியன. ஈயங்கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும்; கோலின் முனையோ 300 பாகையையும் கடக்கும். வேலை முடிந்ததும் கைகழுவுதல் வேண்டும்.

வீட்டிற் குழந்தைகள் உளராயின் பொத்தான் மின்கலமுள்ள பெட்டியை விலக்குக. அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணிநேரத்துள்ளேயே வெந்து புண்ணாகலாம். 230 உவோற்று வீட்டுமின்னோடு நேரே தொடுக்கும் எதனையும் தொடக்கநிலையினர் தொடுதலாகாது. 1.5 உவோற்று உலர்மின்கலம் நான்கு, ஆக 6 உவோற்று, மேற்கூறிய 555க்கும் போதியது.

விலையுயர்ந்த பெட்டியை விடுத்துச் சிறியதொன்றை வாங்கின், மிஞ்சும் பணத்திற்குப் பல்மானி ஒன்றை வாங்கலாம். அதனால் முதலில் அளக்கவேண்டியது மின்கலத்தின் உவோற்றளவு. பழுதென எம்மிடம் கொணரப்படும் சுற்றுக்களுட் பல, மின்கலம் தீர்ந்தமையால் வாளாவிருந்தனவே.