பிள்ளையின் காயம் என்ன சொல்லுது?

நம்ம பாட்டன் பூட்டன் பலர் தலைமன்னாரில் இறங்கித்தான் மலைநாட்டுக்கு வந்தார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டக் குடும்பங்கள் சில மறுபடி அந்தப் பக்கமே போய்க் குடியேறின. ஆகவே மன்னார் ஆஸ்பத்திரி நமக்கு அந்நிய இடம் இல்லை.

2018ல் மன்னார் நகரில் சதொச வளவில் மனித எலும்புகள் தோண்டி எடுத்தது ஞாபகம் இருக்கும். அதற்குத் தலைமை வகித்தவர் மன்னார் ஆஸ்பத்திரியின் சட்ட வைத்திய அதிகாரி. செத்தவங்களைப் பார்க்கிற டாக்டர் என்றே சனங்கள் நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளையின் காயம் எப்படி வந்தது என்று பார்ப்பதும் அவர் வேலைதான். நம்ம பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இந்த உத்தியோகத்தர் உண்டு.

அவர் எதைப் பார்க்கிறார்? ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால், கணைக்கால், நெற்றியில் அடிபடுவது சகஜம். காது, கழுத்து, வயிறு, பிட்டம் இங்கெல்லாம் விழுந்து கன்றிப்போவது குறைவு. தவழத் தெரியாத கைக்குழந்தைக்குச் சின்னக் கன்றல் இருந்தாலும் டாக்டர் விடமாட்டார். பிரம்படி பட்ட இடத்தில் இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் வெளுப்பு தெரியும். சுடுதண்ணியைப் பிள்ளையே இழுத்துக் கொட்டிக்கொண்டால் மேலிருந்து கீழே சிதறி ஓடியிருக்கும். காலைப் பிடித்து முக்கினால் காலுறை போட்டது போல ஒரே மட்டத்தில் வெந்திருக்கும்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் பழைய முறிவும் புது முறிவும் சேர்ந்து தெரிந்தால் ஒரே நாளில் விழுந்தது என்ற பேச்சு நிற்காது. 1962ல் ஹென்றி கெம்பே என்ற அமெரிக்க டாக்டரும் கூட்டாளிகளும் இதை எழுதிய பிறகுதான் உலகத்து டாக்டர்மார் இதைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வீணாகப் பழி வந்துருமோ என்று சில தாய்மார் பயப்படுறாங்க. நியாயமான பயம்தான். நம்ம பிள்ளைகள் பலருக்கு இடுப்பில் பிறவியிலேயே நீலத் தழும்பு இருக்கும். அது அடி இல்லை. ரத்தம் உறையாத நோய் இருந்தாலும் சும்மா கன்றிப்போகும், அதற்காக ரத்தம் சோதிப்பார்கள். கன்றல் நிறத்தை வைத்து இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லவும் முடியாது. குற்றவாளி யார் என்று தீர்ப்பது டாக்டர் இல்லை, கோடு. டாக்டர் கண்டதை எழுதிக் கொடுக்கிறார்.

பாலியல் விசயத்தில் இன்னொன்று: உடம்பில் ஒன்றும் இல்லை என்று ரிப்போட் வந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிள்ளை சொன்ன சொல்லுக்குத்தான் முதல் மதிப்பு. குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் அப்படியே கூட்டிட்டுப் போங்க. மூன்று நாளுக்குள் போனால் தடயம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் போயிருந்தாலும் போகத்தான் வேணும். லயத்துக்கு ஒருத்தர் வந்து ‘என்னடா நடந்துச்சு’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது பெரிய கெடுதி.

1995லிருந்து பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். மானம் போயிரும் என்று கங்காணியை வைத்துப் பேசித் தீர்க்கிற காரியம் இல்லை இது. தோட்ட டிஸ்பென்சரியிலோ மிட்வைவிடமோ சொல்லலாம்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற நம்பரில் தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போகையில் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நிறை ஏறி இறங்கியதை டாக்டர் அதிலும் பார்ப்பார்.