யாருடைய தோலுக்குக் காவல்?

ஜவ்வாது மலையில் பொறுக்கிய கடுக்காய் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நாக்கு சுருங்கி இறுகும். வாய்க்குள் நடக்கிற இதே வேலையைத்தான் அந்தத் துவர்ப்பு ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் செய்கிறது. இரண்டு நாளில் அழுகிப்போக வேண்டிய தோலை இறுக்கி, பல ஆண்டுகள் உழைக்கிற பொருளாக மாற்றிவிடுகிறது. மலைக்கு வடக்கே பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக எழுந்தன. ஆற்று நீர், ஆவாரம் பட்டை, கடுக்காய், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் ரயில் ஆகிய நான்கும் அதற்குக் கைகொடுத்தன.

அன்று தோல் பதனிடுவது பொறுமையான வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போடுவார்கள். எடுத்துப் புரட்டி, மீண்டும் போடுவார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு. அதில்தான் தோலுக்கு வெளிர்மஞ்சள் நிறமும் மென்மையும் வரும். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் அது லண்டன் சந்தைக்குப் போனது. வாங்குகிறவர் ரகம் பார்த்தார், கனம் பார்த்தார், கத்தி பட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொட்டியில் இறங்கியவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்பில் கை வெந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மலையில் கடுக்காய் பொறுக்கிய மலையாளி பழங்குடியினருக்கு, தாங்கள் வாழும் காட்டின் விளைபொருள் மீது அன்று சட்டப்படி உரிமை இல்லை. அது குத்தகை எடுத்தவரின் சரக்கு. ஆனால் ஒன்று உண்மை. பட்டையும் காயும் மண்ணில் மக்கிப்போகிறவை. அடுத்து வந்தது அப்படி மக்குகிற பொருள் அல்ல.

1970-களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுதாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணியும் வேலையும் பெருகும் என்பது நோக்கம். இரண்டும் பெருகின. கூடவே குரோமியமும் பெருகியது. சுழலும் டிரம்முக்குள் குரோம் உப்பு சேர்த்தால் வாரக்கணக்கான வேலை ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். வெளியே வரும் ஈரத் தோல் வெளிர்நீலமாக இருக்கும். ‘வெட் ப்ளூ’ என்று தோல் ஆலைகளில் அதைச் சொல்வார்கள். டிரம்மிலிருந்து வெளியேறிய கழிவுநீர் வாய்க்காலில் ஓடி, ஆற்றில் கலந்து, கிணறுகளில் ஊறியது. தென்னை வாடியது, நெல் வயல் உப்புப் பூத்தது. இளநீருக்குப் பெயர்பெற்ற ஊர்களில் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள்.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் சார்பில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு இன்று நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடம். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கேடு விளைவித்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய மண்ணின் சட்டம் என்று நீதிமன்றம் அறிவித்தது. பாலாறு அழிந்த விலையில் நாட்டுக்குக் கிடைத்த நீதி அது.

அதே காலத்தில் வாங்குகிறவர்களின் கேள்வியும் மாறியது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. 1990-களில் சில அசோ சாயங்களையும் தடுத்தது. ஆம்பூர்ச் சரக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் கப்பல் ஏற முடியாத நிலை வந்தது. 2005-ல் உலகக் காலணி நிறுவனங்களும் தோல் ஆலைகளும் சேர்ந்து ‘லெதர் வொர்க்கிங் குரூப்’ என்ற அமைப்பைத் தொடங்கின. தண்ணீர், மின்சாரம், கழிவு, தோல் வந்த இடம் என எல்லாவற்றையும் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுத்தன. இன்று இந்தப் பக்கத்துப் பெரிய ஆலைகள் அந்தத் தங்கத் தரத்தை வாசலிலேயே எழுதிவைக்கின்றன. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைத் திரும்பப் பயன்படும் நீராக்க உழைக்கின்றன. இந்த மாற்றம் மெய்யானது. இதற்காகப் பாடுபட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2015-ஆம் ஆண்டின் இரண்டு தேதிகள் என்னை விடுவதில்லை. ஜனவரி 31 விடியலுக்கு முன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கழிவுச் சேறு பாய்ந்தது. பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அடுத்து மே 1. உடம்பில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு மூன்று மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அன்று நடைமுறைக்கு வந்தது. காலணி அணிகிறவரின் பாதத்தில் அரிப்பு வரக்கூடாது என்பதற்கான நல்ல விதி அது. அணிகிறவரின் தோலுக்கு மில்லிகிராம் கணக்கில் காவல் இருந்தது. அந்தத் தோலைப் பதனிட்ட ஊரில் தொழிலாளியின் உயிருக்குக் காவலாக ஒரு சுவர்கூட நிற்கவில்லை.

தரக்கட்டுப்பாடு எட்டாத இன்னோர் இடம் வீட்டுத் திண்ணை. ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் வீட்டிலேயே ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். மடியில் தோலை இடுக்கி, இரண்டு ஊசிகளை எதிரும் புதிருமாக ஒரே துளையில் நுழைத்து, நூலை இரு கையாலும் சுண்டி இழுக்க வேண்டும். விரல் வெட்டுப்படாமலிருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். கைத்தையல் என்பதாலேயே அந்தக் காலணிக்குக் கடையில் தனி மதிப்பு, தனி விலை. தைத்தவருக்கு ஜோடிக்குச் சில ரூபாய். முகவர் கொண்டுவந்து தருவார், முகவரே வாங்கிப்போவார். ஆலைக்கு வரும் ஆடிட்டரின் ஏட்டில் இவர்கள் பெயர் இருக்காது. வீட்டில் இருந்து உழைப்போருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-ல் வந்தது. பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

இது ஏழை நாட்டுக் குறை மட்டும் அல்ல. 2024-ல் மிலான் நீதிமன்றம், டியோர் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் தயாரிப்புக் கிளை ஒன்றை ஓராண்டு நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்க உத்தரவிட்டது. இத்தாலியிலேயே, துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் கசக்கிப் பிழியப்பட்டதுதான் காரணம். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பைக்கு, தோல் முதலான மூலப்பொருள் செலவு நீங்கலாகப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று விசாரணையில் வெளிவந்தது. தாளில் நெறிமுறை இருந்தது. அது பட்டறையின் படியைத் தாண்டவில்லை.

தாண்ட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஆடை ஆலையின் பெண் தொழிலாளி ஒருவரின் கொலைக்குப் பிறகு, பெண்களின் பணியிடப் பாதுகாப்புக்காக 2022-ல் திண்டுக்கல் உடன்படிக்கை கையெழுத்தானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம். ஆடை ஏற்றுமதி நிறுவனமும் அதனிடம் வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகியவையும் மறுபக்கம். இதில் கண்காணித்தவர் ஆண்டுக்கொரு முறை வந்துபோகும் ஆடிட்டர் அல்ல, தினமும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்ணே. மீறினால் வணிகமே பாதிக்கும் என்று எழுத்தில் இருந்தது. தோல் ஊர்களுக்கு வேண்டியதும் இதுதான்.

மலையிலும் அதே பாடம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கடுக்காய் போன்ற சிறு வன விளைபொருள்களின் உரிமையைக் காட்டில் வாழ்கிறவருக்கே கொடுத்தது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் கடுக்காய் இருக்கிறது. பட்டைப் பதனீட்டுக்குச் சூழல் அக்கறை உள்ள வாங்குவோர் மத்தியில் இன்று மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. ‘இயற்கைத் தோல்’ என்று எழுதி இரட்டை விலைக்கு விற்கிறவர், காய் பொறுக்கியவருக்கு என்ன கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

பாலாறு வழக்கு இன்னும் முடியவில்லை. 2001-ல், 29,000-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது: பாக்கி இழப்பீட்டை அரசு கொடுத்து ஆலைகளிடம் வசூலிக்கட்டும், ஆற்றை மீட்கக் குழு அமைக்கட்டும்.

தரத்தை எழுதுகிறவர்கள் இதுவரை அணிகிறவரின் பாதத்தைக் காத்தார்கள், ஓரளவு ஆற்றையும் நினைத்தார்கள். இனித் திண்ணையில் தைக்கிற கையையும், மலையில் பொறுக்குகிற கையையும் அந்தத் தாளில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஜோடிக்கு எவ்வளவு கூலி என்பதும் விலைச்சீட்டில் இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.