கதைக்கலங்கள் விண்ணேறும் வகை

விஞ்ஞானக் கதைகளிலே கலங்கள் விண்வெளியில் விரைவதையும், புதிய உலகங்களைக் கண்டு திரும்புவதையும் எழுதியோர் பலர். அக்கலம் தான் நின்ற மண்ணை விட்டு எவ்வாறு கிளம்பிற்று என்னும் கேள்விக்கு நேர்மையாக விடை தேடியவர் சிலரே. கதையின் ஏனைய பகுதிகளில் கற்பனை விருப்பம்போல் உலவலாம். புறப்பாட்டில் மட்டும் கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. அக்கணக்கை ஏற்ற கதைகள் எவை, தட்டிக்கழித்தவை எவை என்று நோக்கினால், கதைக்கும் உண்மை ராக்கெட்டுக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் நன்கு புலனாகும்.

விண்ணுக்குச் செல்வது என்றால் உயரே செல்வது என்றே பலரும் எண்ணுவர். உயரம் பெரிதன்று. விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது தரையிலிருந்து 100 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவிற்குச் செல்லும் வழியில் ஏறத்தாழப் பாதித் தொலைவு. ஆயினும் நேரே மேலே சென்ற பொருள் நேரே கீழே விழும். விழாது பூமியைச் சுற்றிவர வேண்டுமாயின், அது பக்கவாட்டில் வினாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவேண்டும். பூமியின் பிடியினின்று முற்றிலும் நீங்கவோ வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும். இதனையே விடுபடு வேகம் என்பர். சந்திரனில் அது 2.4 கிலோமீட்டர், செவ்வாயில் 5, வியாழனில் ஏறக்குறைய 60. ஆகவே புறப்பாடு என்பது உயரத்தைப் பற்றிய வினா அன்று. வேகத்தை எங்கிருந்து பெறுவது என்னும் வினாவே ஆகும்.

அவ்வளவு விரைவு எதற்கு, மெல்ல மெல்ல ஏறிச் செல்லலாகாதா எனச் சிலர் வினவுவர். திரைப்படங்களில் கலங்கள் பறவைபோல் மெதுவாக மேலெழுவதைக் கண்டு பழகியதால் எழும் ஐயம் இது. அந்தரத்தில் அசையாது நிற்பதற்கும் எரிபொருள் செலவாகும் என்பதை மறத்தல் கூடாது. 100 வினாடி அவ்வாறு நிற்பதற்கு ஆகும் எரிபொருளைக் கொண்டு, வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடலாம். மெல்ல ஏறுபவன் பயணத்தின் முதலைத் தரைக்கு அருகிலேயே கரைத்துவிடுகிறான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ என்னும் நவீனம் இக்கணக்கை நேருக்கு நேர் எதிர்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் வேலையற்றுப்போன பீரங்கி வல்லுநர்கள், பால்டிமோர் நகரத்துச் சங்கம் ஒன்றிலே கூடிச் சந்திரனைச் சுடத் தீர்மானிக்கின்றனர். புளோரிடாவின் தம்பா நகருக்கு அருகே 900 அடி நீளமுள்ள பீரங்கியை நிலத்தினுள்ளேயே வார்க்கின்றனர். 4 லட்சம் ராத்தல் வெடிபஞ்சை அதன் அடியில் நிரப்புகின்றனர். அலுமினியத்தாலான குண்டிற்குள் மூவர் அமர்கின்றனர். குண்டு பெறவேண்டிய வேகம் வினாடிக்கு 12,000 கெஜம் என்று வெர்ன் எழுதினார். அஃது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். வேகத்தைப் பொறுத்தவரையில் அவர் கணக்கு பிழையற்றது.

பிழை, அவ்வேகத்தை எத்துணை நேரத்திற்குள் பெறுவது என்பதிலே இருந்தது. 900 அடி நீளக் குழலின் வாயை எட்டுமுன் குண்டு 11 கிலோமீட்டர் வேகத்தைப் பெறவேண்டுமாயின், அதற்குக் கிடைக்கும் காலம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு. அவ்விமைப்பொழுதில் உள்ளிருப்பவர்மேல் அழுந்தும் விசை, பூமியின் ஈர்ப்பைப்போல் 22,000 மடங்கிற்கும் மேலாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1,300 டன் கனப்பார். பயிற்சி பெற்றவரும் சாய்ந்து படுத்த நிலையிலே பத்து மடங்கைச் சிறிது நேரமே பொறுப்பர். வெர்ன் இவ்விடரை அறியாதவர் அல்லர். குண்டின் அடியிலே மூன்றடி ஆழத்திற்கு நீரை நிரப்பி, அதிர்ச்சியை அது தாங்கும் என்று சமாதானம் கூறினார். மூன்றடி நீர் எம்மூலைக்கு! ஆயினும், 1870-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு நயம் உண்டு. புறப்பாட்டில் அடிபட்டு இறந்த நாயின் உடலைப் பயணிகள் வெளியே எறிகின்றனர். அவ்வுடல் விலகிப் போகாமல் குண்டின் அருகிலேயே கூடவருகிறது. இது விஞ்ஞானத்திற்கு முற்றும் ஒத்தது.

புளோரிடாவை வெர்ன் தேர்ந்தது குறித்தும் ஒரு சொல். சந்திரன் தலைக்கு நேரே வரும் அட்சரேகை வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். பின்னாளில் உண்மையான சந்திரப் பயணங்கள் அதே மாநிலத்திலிருந்து புறப்பட்டதற்குக் காரணம் வேறு. பூமி கிழக்கு நோக்கிச் சுழலுவதால் நிலநடுக்கோட்டில் உள்ள எப்பொருளுக்கும் வினாடிக்கு 465 மீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல அது குறைகிறது. தெற்கே அமைந்து, கிழக்கே கடலும் உள்ள இடமாகப் புளோரிடா அமெரிக்கர்க்கு வாய்த்தது. நிலநடுக்கோட்டிற்கு ஒரு பாகை வடக்கே உள்ள சிங்கப்பூருக்கோ இவ்வினாம் ஏறத்தாழ முழுமையாக உண்டு. ஏவுதற்குரிய வெட்டவெளிதான் இல்லை.

ஆங்கிலேயரான எச். ஜி. வெல்ஸ் 1901-இல் நூலாக வெளியிட்ட ‘சந்திரனில் முதல் மனிதர்’ வேறொரு வழியை மேற்கொண்டது. கேவர் என்னும் விஞ்ஞானி ஈர்ப்பை மறைக்கும் ஒரு பொருளைப் படைக்கிறார். குடை வெயிலைத் தடுப்பதுபோல் ‘கேவரைட்’ ஈர்ப்பைத் தடுக்கிறது. கோள வடிவான கலத்தைச் சுற்றிக் கேவரைட் திரைகளை அமைத்து, வேண்டிய பக்கத்துத் திரையைத் திறந்தும் மூடியும் பயணம் செய்கின்றனர். முதற் தகடு உருவானபோது, அதன்மேலிருந்த காற்று முழுவதும் எடையிழந்து பெரும் சூறாவளியாக மேலே பாய்ந்தது என்று வெல்ஸ் எழுதினார். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அதன் விளைவுகளை மெய்யாகச் சிந்தித்த திறம் பாராட்டத்தக்கது.

ஆனால் கேவரைட் இயலாத பொருள். ஒரு சக்கரத்தின் பாதிக்குக் கீழே மட்டும் அத்தகட்டை வைத்தால், அப்பாதி எடையிழக்கும், மறுபாதி கனக்கும். சக்கரம் எவர் கையும் படாமல் ஓயாது சுழன்று, செலவின்றி ஆற்றலை வழங்கிக்கொண்டேயிருக்கும். இயற்கை அவ்வாறு எவர்க்கும் இலவசமாக வழங்குவதில்லை. மேலே ஏறுவதற்குரிய உழைப்பை யாரோ ஓரிடத்தில் கொடுத்தே ஆகவேண்டும். தாம் வெடிமருந்தைக் கொண்டு அனுப்ப, வெல்ஸ் இல்லாத உலோகத்தைக் கொண்டு அனுப்புகிறாரே என்று முதுமையில் வெர்ன் குறைபட்டதும் இதுபற்றியே. இன்றைய திரைப்படங்களில் ஓசையின்றி எழும் கலங்கள் அனைத்தும் கேவரைட்டின் வழித்தோன்றல்களே.

இவ்விரண்டும் அல்லாத வழியைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ரஷ்யாவின் கலூகா நகரில் கணிதம் கற்பித்த கான்ஸ்தந்தீன் சியல்கோவ்ஸ்கி, சிறுவயதில் நோயினால் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். வெர்னின் கதைகளே தம் மனத்தில் வித்தூன்றின என்று கூறியவர். 1903-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ராக்கெட்டின் கணக்கை ஒரு சூத்திரத்தில் அடக்கியது. ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்கிறது. ஆதலின் எரிபொருளை உயர்த்தவும் எரிபொருள் வேண்டும். பின்புறம் வெளியேறும் வாயுவின் வேகம் வினாடிக்கு 3 கிலோமீட்டர் எனக் கொள்க. ராக்கெட் தானும் 3 கிலோமீட்டர் வேகம் பெறவேண்டுமாயின், புறப்படும் எடை இறுதியில் எஞ்சும் எடையைப்போல் 2.7 மடங்கு இருக்கவேண்டும். 6 கிலோமீட்டருக்கு 7.4 மடங்கு. 9 கிலோமீட்டருக்கு 20 மடங்கு. கூட்டல் வரிசையில் வேகம் ஏற, பெருக்கல் வரிசையில் எடை ஏறுகிறது. காற்றின் தடையையும் ஈர்ப்பினால் வரும் இழப்பையும் சேர்த்தால் பூமியைச் சுற்றவே 9 கிலோமீட்டருக்கு மேல் தேவை. இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக எஞ்சுவதில் தொட்டியும் பொறியும் நீங்க, மனிதருக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். வெறுமையான தொட்டிகளை அடுக்கடுக்காகக் கழற்றி எறியும் முறை இதனாலேயே வந்தது.

இச்சூத்திரத்திலிருந்து அச்சந்தரும் ஒரு முடிவும் பிறக்கிறது. பூமியைப்போல் இரு மடங்கு விட்டமும் அதே அடர்த்தியும் உடைய கோள் ஒன்றில் அறிவுடைய உயிர்கள் தோன்றியிருப்பின், அங்கே தேவைப்படும் வேகம் 18 கிலோமீட்டருக்குக் குறையாது. எடை விகிதம் 20 அன்று, 400. அவ்வுலகத்தார் எத்துணை அறிஞராயினும், வேதியியல் எரிபொருளை மட்டும் நம்பித் தம் மண்ணை விட்டுப் புறப்படுதல் அரிதினும் அரிது. மனிதனுக்கு விண்வெளி எட்டியதில் அவன் அறிவுக்குள்ள பங்கோடு, அவன் பிறந்த கோளின் அளவிற்கும் பங்குண்டு. பெரும் கோள்களிலிருந்து எளிதில் எழும் கலங்களை எழுதும் கதாசிரியர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

வெர்னைச் சிறுவயதில் மனப்பாடமாகப் படித்த இன்னொருவர் ஹெர்மன் ஒபெர்த். 1929-இல் பெர்லினில் பிரிட்ஸ் லாங் எடுத்த ‘சந்திரனில் பெண்’ என்னும் ஊமைப்படத்திற்கு அவரே விஞ்ஞான ஆலோசகர். அப்படத்திலே பல அடுக்கு ராக்கெட் உயர்ந்த கூடத்தினின்று நின்றவாறே வெளிவருகிறது. பயணிகள் படுக்கைகளிற் சாய்ந்து விசையைத் தாங்குகின்றனர். புறப்படும் தருணத்தை அறிவிக்க எண்கள் இறங்குவரிசையில் திரையில் தோன்றுகின்றன. பேச்சில்லாப் படத்தில் மக்களின் நெஞ்சை நிறுத்திவைக்க லாங் கண்ட உபாயமே பின்னர் உண்மை ஏவுதளங்களின் வழக்கமாயிற்று. சந்திரனில் காற்று உண்டு எனக் காட்டியது படத்தின் குறை. 1942 அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனமுண்டேயில் வெற்றியுடன் எழுந்த வி-2 ராக்கெட்டின் அடிப்புறத்தில், பிறையின்மீது அமர்ந்த பெண்ணின் படம் வரையப்பட்டிருந்தது. அந்த ராக்கெட்டுகள் பின்னர் லண்டன்மீதும் ஆண்ட்வெர்ப்மீதும் வெடிகுண்டாக விழுந்தன.

எரிபொருளின் இச்சுமையையே நீக்க முயன்ற கதையும் உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க், 1979-இல் எழுதிய நவீனத்தில், 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைவரை தொங்கும் வடத்தின் வழியே பெட்டியில் ஏறிச் செல்வதாகக் காட்டினார். அவ்வடம் நிலநடுக்கோட்டிலேயே ஊன்ற வேண்டியிருத்தலின், இலங்கையைப் போன்ற தம் கதைத்தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திக்கொண்டார். அத்தகைய வடத்திற்குத் தாங்கும் வலிமையுள்ள பொருளை அவ்வளவு நீளத்திற்கு இன்றளவும் எவரும் செய்ததில்லை.

இதுகாறும் கூறியவை பூமியிலிருந்து புறப்படுவது பற்றியன. கதைகள் பெரிதும் தடுமாறுவது, சென்ற இடத்தினின்று திரும்பப் புறப்படும்போதுதான். அங்கே ஏவுதளம் இல்லை, எரிபொருள் நிரப்புவார் இல்லை. 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர், கலத்தை ஒவ்வொரு கோளிலும் இறக்கி ஏற்றிக் காட்டச் செலவு மிகுதியாகும் என்பதால், மனிதரை ஒளியாக்கி இறக்கும் கருவியைப் புனைந்து இடரினின்று தப்பியது. 2014-இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படமோ தன்னைத்தானே மறுத்துக்கொண்டது. பூமியிலிருந்து கிளம்பப் பல அடுக்கு ராக்கெட் தேவைப்பட்ட அதே சிறு கலம், ஈர்ப்பு 1.3 மடங்காயுள்ள நீர்க்கோளிலிருந்து எவ்வுதவியும் இன்றித் தானே எழுகிறது!

மெய்யான நிகழ்ச்சி இதற்கு நேர்மாறு. 2,900 டன் எடையுடன் புளோரிடாவிலிருந்து புறப்பட்ட அப்பலோ-11, 1969 ஜூலை 21 அன்று சந்திரனிலிருந்து கிளம்பியபோது, எழுந்த பகுதியின் எடை 5 டன்னுக்கும் குறைவு. அதில் ஏறத்தாழப் பாதி எரிபொருள். சந்திரனின் ஈர்ப்பு சிறிதாகையால் அது போதிற்று. பொறி ஒன்றே, மாற்றுப் பொறி கிடையாது.

செவ்வாயிலிருந்து எழுவதை அக்கறையோடு கணக்கிட்ட கதை, ஆண்டி வெய்ர் 2011-இல் வெளியிட்ட ‘தி மார்ஷியன்’. தனித்து விடப்பட்ட ஒருவன், பிறிதொரு குழுவிற்காக முன்னரே இறக்கி வைக்கப்பட்ட ஏறுகலத்தை அடைகிறான். அக்கலம் பூமியிலிருந்து கொண்டுவந்த ஹைட்ரஜனையும் செவ்வாயின் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு எரிபொருளைத் தானே செய்து வைத்திருக்கிறது. ஆனால் அது வினாடிக்கு 4.1 கிலோமீட்டர் வேகத்திற்கென அமைந்தது. அவனை மீட்கவரும் கப்பலோ 5.8 கிலோமீட்டரில் கடந்து செல்கிறது. இடைவெளி 1.7 கிலோமீட்டர். அதற்காக அவன் ஆசனங்களைக் கழற்றுகிறான், கருவிகளை எறிகிறான், சன்னல்களையும் கலத்தின் மூக்கையும் நீக்கி, அவ்விடத்தைத் துணியால் மூடுகிறான். சியல்கோவ்ஸ்கியின் சூத்திரத்தை ஒருவன் சுத்தியும் திருப்புளியும் கொண்டு தீர்ப்பதே அவ்வத்தியாயம்.

செவ்வாயினின்று விண்ணேறிய கலம் இன்றளவும் எதுவும் இல்லை. நால்வரை அங்கிருந்து கிளப்ப 7 டன் எரிபொருளும், அதனை எரிக்க 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்பது அமெரிக்க விண்வெளித்துறையின் கணக்கு. அதன் முதற்படியாக, 2021-இல் இறங்கிய ‘பெர்செவியரன்ஸ்’ ஊர்தியில் இருந்த சிறு கருவி ஒன்று, செவ்வாயின் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது. 2023-இல் தன் வேலையை முடிக்கும்வரை 16 முறை இயங்கி, அது செய்தளித்தது மொத்தம் 122 கிராம்.