பின்னலாடைக்கு ஒரு வலைப்பக்கம்

தாராபுரம், திருப்பூர் பகுதிப் பின்னலாடை நிறுவனத்துக்குத் தளம் வடிவமைப்பவர் முதலில் துணியைப் படிக்க வேண்டும். வெளிநாட்டுப் பையர் தேடுவது ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை), நூல் கலவை, தரச்சான்று, குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஆகியவற்றை. இவை ஓரிரு தட்டலில் கிடைக்காத தளத்தில் அலங்காரம் எவ்வளவு இருந்தும் வீண்.

கடினமானது நிறம். சாயப்பட்டறையின் லேப் டிப் எனும் சாய மாதிரியில் பையர் ஒப்புக்கொண்ட நிறம் திரையில் அப்படியே வராது. திரை தானே ஒளிர்கிறது. துணி தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்புகிறது. செல்போனுக்குச் செல்போன் சாயல் மாறும். எனவே படத்தருகே பேன்டோன் நிறக் குறியீட்டு எண்ணைக் குறிப்பதே நேர்மை.

பக்கத்தின் கட்டமைப்பு எச்.டி.எம்.எல்.; தோற்றம் 1996இல் தரநிலையான சி.எஸ்.எஸ். வசம். 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் விளக்கிய முறைப்படி, ஒரே பக்கம் கணினிக்கும் செல்போனுக்கும் ஏற்ப மடங்கிக்கொள்கிறது.

உள்ளூர் வாடிக்கையாளருக்கான தமிழ்ப் பக்கம் தனி உழைப்பு கேட்கும். ‘தொடர்புகொள்ள’ என்ற சொல் சிறிய பட்டனில் அடங்காமல் இரண்டாக உடையும். ‘கீ’, ‘கூ’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். யூனிகோடு பரவியதால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எழுத்துருவை இறக்கும் தொல்லையாவது ஒழிந்தது.